டேபிள் பக்கம் சாய்ந்த பந்து

எங்கள் அருப்புக்கோட்டை பாஸ்கட்பால் கிரவுண்டுக்குக் கூரை வரப்போகிறது. இரும்புத் தூண்களை நட்டு, மேலே குறுக்குச் சட்டமும் ஏற்றிவிட்டார்கள். மேலேயும் நாலு பக்கமும் அடைக்கிற தகரம் மட்டும் பாக்கி. "ஆடிக் காத்துல தகரத்தத் தூக்கிக்கிட்டு ஏறுனா தகரமும் போயிரும், ஆளும் போயிருவான். ஆவணி பொறக்கட்டும்" என்று காண்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் இந்த ஆடி முழுக்க எங்கள் கிரவுண்டு, ஓலை வேயாத கல்யாணப் பந்தல் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கூரை திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "பேச்சிக்கா, நீங்க ஜப்பான்ல ஆடுனத எழுதுங்க. கப்பு வாங்குனது, பனி பெஞ்சது, எல்லாத்தையும் எழுதுங்க" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருக்கிறது. பனியைப் பற்றிச் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். எனக்கு எழுத வருவது காற்றைப் பற்றித்தான். தகரம் ஏறிய பிறகு அது இந்தக் கிரவுண்டில் இருக்காது. இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

அதற்காக, கூரை வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். கூரை வேண்டும் என்று கமிட்டியில் தொண்டை கிழியக் கத்தியவளே நான்தான். திறந்த வெளியில் ஆடினால்தான் உடம்புக்கு நல்லது என்று ஒரு பெரியவர் சொன்னார். "நீங்க வெயில்ல பத்து நிமிஷக் குவார்ட்டர் ஒண்ணு ஆடிட்டு வந்து சொல்லுங்க சார்" என்றேன்.  எனக்கு ஏன் அவ்வளவு வேகம் என்பது படித்தால் புரியும்.

என் பெயர் பேச்சியம்மாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமம். அப்பா வீரசோழன் ஆட்டுச் சந்தைக்கு லோடு வண்டி ஓட்டியவர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா பருத்தி எடுப்பாள், மல்லி பிடுங்குவாள், வேலை இல்லாத நாளில் வேலிக்கருவை வெட்டப் போவாள். நான் ஆறடிக்கு மேலே ரெண்டு அங்குலம். திருச்சுழியில் பஸ் ஏறினால் நிமிர்ந்து நிற்க முடியாது. "ஏலே, மேல மழ கூடுதான்னு அந்தப் பிள்ளகிட்டக் கேட்டுச் சொல்லு" என்று டிரைவரும் கண்டக்டரும் என்னை வைத்துத்தான் பொழுதை ஓட்டுவார்கள். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் விளையாட்டு டீச்சர் என்னை இந்தக் கிரவுண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பள்ளிக்கூட டீம், மாவட்டம், மாநிலம் என்று வேகமாகப் போனது. வடக்கே ஒரு போட்டியில் என்னைப் பார்த்த ஜப்பான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் படிப்பும் சாப்பாடும் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். போனேன். அழுதேன். பாஷை படித்தேன். நாலு வருஷம் இப்படித்தான் கழிந்தது. பிறகு கடலோரத்துச் சின்ன நகரம் ஒன்றில் ஒரு கம்பெனி டீமில் என்னை எடுத்துக்கொண்டார்கள். காலையில் அங்கே ஆபீஸ் வேலை, மத்தியானத்துக்கு மேலே பந்து. அதுதான் என் தொழில். அதில்தான் தலை நரைக்க ஆரம்பித்தது.

இனி காற்றுக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று வரும். மேகாத்து என்போம். வழியில் மறிக்க ஒரு குன்றோ தோப்போ கிடையாது. கரிசல்காட்டின் மேலே உருண்டு வந்து நேராக நம் முகத்தில் விழும். எங்கள் கிரவுண்டில் ரிங்குகள் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஸ்கோர் எழுதுகிறவர்களின் டேபிள் மேற்கே, பஸ் ரோட்டை ஒட்டி. சாயங்கால வெயில் அவர்கள் கண்ணில் குத்தாமல் முதுகில் விழ வேண்டும் என்று அந்த ஏற்பாடு. ஆகவே எங்களுக்குக் காற்று எப்போதும் டேபிள் பக்கமிருந்துதான் வரும். பந்தை ரிங்குக்கு நேராகப் போட்டால் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். புதிதாக வருகிற பிள்ளைக்கு எங்கள் கிரவுண்டில் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, "டேபிளுக்குப் போடு" என்பதுதான். ரிங்கை விட்டு ஒரு சாண் தள்ளி, டேபிள் பக்கமாகப் போட வேண்டும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சாயங்காலப் புழுதி பொன்னிறமாக எழும்பும் நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும். பந்து தப்பான பக்கம் போகும். உச்சியில் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வருகிற மாதிரி மெல்ல வளைந்து வந்து ரிங்குக்குள் இறங்கும். சின்ன வயதில் நான் போடுகிறேன் என்றே எனக்குத் தோன்றியதில்லை. நானும் காற்றும் சேர்ந்து போடுகிறோம் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஜப்பானில் எல்லா ஆட்டமும் ஹாலுக்குள்தான். மரத் தரை, மூடிய ஜன்னல், ஊசி விழுந்தால் கேட்கும். முதல் நாள் அங்கே பந்தைத் தூக்கிப் போட்டபோது, போட்ட இடத்துக்கே நேராகப் போயிற்று. யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு அது ரொம்ப நாள் தனிமையாக இருந்தது. ஆனாலும் கை பழகிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் நான் மோசமான ஆட்டக்காரி இல்லை.

கம்பெனி டீமில் ஒரு சிக்கல். அந்த லீகில் ஜப்பான் குடியுரிமை உள்ளவர்கள்தான் போட்டியில் இறங்கலாம். மற்றவர்கள் பயிற்சியில் மட்டும் ஓடலாம். அந்த நாட்டுச் சட்டப்படி குடியிருக்க வேண்டிய வருஷங்கள் முடிகிறவரை நான் பயிற்சியில் மட்டும் ஓடினேன். முடிந்ததும் மனுப் போட்டேன். கிடைத்தது. நம் நாட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டையும் வைத்துக்கொள்ள இரண்டு நாடும் விடாது.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

"அப்ப நம்ம ஊர்க்காரி இல்லன்னு சொல்லிட்டியா?"

"அப்பிடி இல்லம்மா. வெளையாடணும்னா மாறணும். அம்புட்டுத்தான்."

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஒடனே வர விடுவாகளா?"

"விடுவாகம்மா. விசா வாங்கிட்டு வரணும்."

"பெத்தவளப் பாக்க விசாவா?"

 போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நான் அழுத அழுகையில் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி வயிற்று வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவ்வளவு கொடுத்து வாங்கிய இடத்தைத்தான் அந்த முதல் வருஷத்திலேயே இழக்கப் பார்த்தேன்.

பாஸ்கட்பாலில் எதிராளி நம்மை முறைகேடாக இடித்தால் ஃப்ரீ த்ரோ கிடைக்கும். கோட்டில் தனியாக நின்று போடலாம், யாரும் மறிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகூடப் போடும். நானும் போட்டேன், நாலில் முதல் மூன்று குவார்ட்டரில். கடைசிக் குவார்ட்டரில், பல்கலைக்கழகத்தில் பார்க்காத அளவுக்குக் களைத்த பிறகு போட்டால் விழாது. பந்து ரிங்கின் ஓரத்தில் பட்டுத் தெறித்துவிடும். எதிர் டீம்கள் இதை மோப்பம் பிடித்துவிட்டன. ஆட்டம் இழுபறியாக இருந்தால் கடைசி நிமிஷத்தில் வேண்டுமென்றே என்னை வந்து இடிப்பார்கள். நான் போய்க் கோட்டில் நின்று இரண்டையும் விட்டுவிட்டு வருவேன். டீமின் உயரமான ஆளை ஆட்டம் முடிகிற நேரத்தில் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டிய நிலைமை. வருஷம் முடிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது சந்தேகம் என்று ஆபீஸில் காதுபடவே பேசினார்கள். கடைசியில் கழன்றுவிடுகிற ஆட்டக்காரியை வேறு எந்த டீமும் எடுக்காது. ஊருக்குத் திரும்பலாம் என்றால், நான் அங்கே விசா வாங்கிக்கொண்டு வருகிற விருந்தாளி.

எங்கள் கோச் மியாகே. என் தோள் உயரம்கூட இல்லாத மனிதர். சத்தம் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. உப்பில் ஊறிய பிளம் பழத்தைத் தின்றுவிட்டு அதன் கொட்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே நாள் முழுக்க இருப்பார். கோபம் வந்தால் அந்தக் கொட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும். அவ்வளவுதான் அவருடைய திட்டு. ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதிலுக்காகக் காத்திருப்பார். நாம் பேசுகிறவரை காத்திருப்பார். அந்த மௌனத்துக்கு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்த வருஷ ஆட்டங்கள் முடிந்து கோடைப் பயிற்சி தொடங்கியது. இன்னொரு சீசன் பார்க்கலாம் என்று கம்பெனியிடம் கேட்டு வாங்கியதே மியாகேதான். கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணில் குறை இல்லை. தோள், மணிக்கட்டு, முதுகு எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறகு இரண்டு நிறத்தில் ஒட்டும் டேப் வாங்கி வந்தார். தெம்பாக இருக்கும்போது நான் தவறவிட்ட பந்து எங்கே விழுகிறதோ அங்கே தரையில் நீல டேப். ஓட விட்டு, மூச்சு வாங்க வைத்து, அதற்குப் பிறகு தவறவிட்டால் சிவப்பு டேப். இதை ஒட்டுகிற வேலை ஹருகாவுக்கு. அவள்தான் எங்கள் டீமில் பந்தைக் கொண்டு போகிற குட்டை ஆட்டக்காரி. எனக்கு அங்கே கிடைத்த ஒரே சிநேகிதி. முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுவாள்.

நீலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. சிவப்பு அப்படி இல்லை. இந்த ரிங்கில் போட்டாலும் அந்த ரிங்கில் போட்டாலும் ஒரே பக்கம். கொஞ்ச நாளில் ஹாலின் ஓரமாக ஒரு சிவப்புத் தெருவே உண்டாகிவிட்டது. மியாகே அதன் மேல் நடந்து நடந்து பார்த்தார். இங்கே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். காத்திருந்தார். ஸ்கோர் டேபிள் இருக்கிறது என்றேன். கொட்டை அந்தக் கன்னத்துக்குப் போயிற்று.

ஆடி மாசம் ஒரு நாள். பயிற்சி முடிந்து நான் ஹால் தரையில் மல்லாந்து கிடந்தேன். கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. போன் அடித்தது. அம்மா. பாஸ்போர்ட் பேச்சுக்குப் பிறகு அவளாக அழைப்பது அதுதான் முதல் தடவை.

"ஏத்தா, கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலம்மா. எங்க இருக்க?"

"திருச்சுழி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். மேகாத்து பிச்சிக்கிட்டுப் போகுது. கண்ணத் தொறக்க முடியல. நீ சாப்ட்டியா?"

மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். அந்த மூடிய ஹாலுக்குள் மேகாத்து இரைந்தது. ஒரு பஸ்காரர் "அருப்புக்கோட்ட, அருப்புக்கோட்ட" என்று கூவியது கேட்டது. நான் எழுந்து, கை போன போக்கில் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்து ரிங்கில் போட்டேன். பந்து டேபிள் பக்கமாகப் போயிற்று. உச்சியில் நின்றது. கூட்டி வர யாரும் இல்லை. ஓரத்தில் பட்டுத் தெறித்தது. ஹருகா அலுப்போடு வந்து சிவப்பு டேப்பை ஒட்டினாள்.

நான் டேப்பைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தெம்பாக இருக்கும்வரை நான் ஜப்பானில் இருக்கிறேன். களைத்துப் போனால் என் உடம்பு ஊருக்குப் போய்விடுகிறது. இல்லாத காற்றுக்கு ஒரு சாண் தள்ளி, டேபிளுக்குப் போடுகிறது. நம் கிரவுண்டில் வளர்ந்தவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது.

மியாகேயிடம் ஓடினேன். "காற்று" என்றேன்.

அவர் ஜன்னல்களைப் பார்த்தார். எல்லாம் மூடியிருந்தன. "எங்கே?"

"எங்கள் ஊரில்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எந்த மாதத்தில், எவ்வளவு வேகம், பந்து எங்கே திரும்பும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தரையில் விரலால் கிரவுண்டைப் போட்டுக் காட்டினேன். இது பஸ் ரோடு, இது டேபிள், இது கரிசல்காடு. அவர் குனிந்து அந்த வெறும் தரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் திருச்சுழி பஸ் போவது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மின்விசிறிகள் நின்றன. கம்பெனியின் பட்டறையில் கோடையில் ஓட்டுவது. அவற்றை மியாகே டேபிள் பக்கம் ரிங்கை ஒட்டி, மேல்நோக்கிச் சாய்த்து நிறுத்தினார். என்னை ஓட விட்டார். நின்றால், இன்னும் என்றார். "களைத்த பேச்சியைக் கூட்டிக்கொண்டு வா. அவளோடுதான் எனக்குப் பேச வேண்டும்" என்றார். அவள் வந்துவிட்டாள் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கையை உயர்த்தினார். ஹருகா விசிறிகளின் வேகத்தை மூன்றில் வைத்தாள். ஹாலே இரைந்தது. எல்லோருக்கும் முடி பறந்தது.

போட்டேன். பந்து டேபிள் பக்கம் சாய்ந்தது. நின்றது. வளைந்தது. உள்ளே இறங்கியது.

இன்னொன்று போட்டேன். அதுவும். இன்னொன்று. பெண்கள் கை தட்டினார்கள், ஒருத்தி தரையில் உருண்டு சிரித்தாள். எனக்கோ கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விசிறிக் காற்று கண்ணில் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் காற்றில் புழுதி வாடை மட்டும்தான் இல்லை.

அதற்குப் பிறகு தினம் அதே முறை. ஓட்டம், களைப்பு, விசிறி. சில நாள் மூன்றில். பிறகு இரண்டில் வைத்தார். பந்துகள் தெறித்தன, கை தானாகக் கொஞ்சம் உள்ளே வந்தது. கை பழகியதும் ஒன்று. ஒன்றில் பழகினதும், ஒரு நாள் விசிறியை நிறுத்திவிட்டுப் போடு என்றார். அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. பந்தைத் தரையில் அடித்தேன்.

"பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டீர்கள். இப்போது காற்றையும் எடுக்கிறீர்களா?"

 கோச்சிடம் அப்படிப் பேசுகிற வழக்கம் அந்த நாட்டிலேயே கிடையாது. கொட்டை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் போய் வந்தது.

"உங்கள் ஊரிலும் வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலில்தானே விடுவீர்கள்?" என்றார்.

"ஆமாம்."

"யாராவது அதை எடுத்துக்கொண்டு போகிறார்களா?"

 இந்த முறை அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "போடு" என்று சொல்லிவிட்டு ரிங்குக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

குளிர்காலம் வந்தது. கம்பெனி இருந்த ஊர் ஹாலிலேயே சீசனின் கடைசி ஆட்டம். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்ய கம்பெனிக்காரர்கள் மேலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அந்தப் பனிக்குச் சத்தம் கிடையாது. ஊரையே பஞ்சுக்குள் வைத்துப் பொதிந்த மாதிரி இருக்கும். கடைசிக் குவார்ட்டரில் வழக்கமாக என்னை வெளியே எடுக்கிற நேரம் வந்தது. பெஞ்சைப் பார்த்தேன். மியாகே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரியாத மாதிரி.

ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஆட்டம் முடிகிற தறுவாயில் எதிர் டீம்காரி எதிர்பார்த்தபடியே வந்து இடித்தாள். விசில். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் டீம் ஆட்களே தலையில் கை வைத்தார்கள்.

 காதுக்குள் இரைச்சல். களைத்த பேச்சி வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மேற்கே பஸ் ரோட்டில் புழுதி எழும்புகிறது. ஹருகா பக்கத்தில் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில், "மூன்றா, இரண்டா, ஒன்றா?" என்றாள்.

"ஆஃப்" என்றேன்.

நடுவர் பந்தைக் கொடுத்தார். கை டேபிள் பக்கம் போக ஆசைப்பட்டது. இரு, வாசலில் இரு என்று அதனிடம் தமிழில் சொன்னேன். நேராகப் போட்டேன். நேராகப் போயிற்று. உள்ளே. இரண்டாவதையும் அப்படியே சொல்லி அப்படியே போட்டேன். வலையில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். பெஞ்சில் மியாகே இருமிக்கொண்டிருந்தார், கொட்டையை விழுங்கிவிட்டாராம். முதுகில் தட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஜெயிச்சிட்டியா?"

"ஜெயிச்சிட்டேம்மா. இனிமே என்னைய அனுப்ப மாட்டாக."

"அப்ப இனி அங்கதான்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா என்று குரலில் தெரியவில்லை. அந்த ஊரில் நான் அழுத மூன்றாவது அழுகை அது.

அதன் பிறகு முழங்கால் இரண்டும் தேய்கிறவரை ஆடினேன். கடைசி நிமிஷத்தில் யாரும் என்னை இடிக்க வரவில்லை. இடித்தால் இரண்டு புள்ளி நிச்சயம் என்று தெரிந்துபோயிற்று. கப்பு அப்போது வாங்கியதுதான். ஆட்டத்தை விட்ட பிறகு, அம்மாவோடு இருக்கலாம் என்று அருப்புக்கோட்டைக்கு வந்து வீடு பிடித்தேன். விசாத் தொல்லை இல்லாமல் ஆயுசுக்கும் இங்கே இருந்துகொள்ள நம் அரசாங்கத்தில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். வந்த மறுநாளே இந்தக் கிரவுண்டுக்கு ஓடி வந்தேன். ஜப்பான் அக்கா வந்திருக்கிறாள் என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பந்தை வாங்கி, ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, எத்தனையோ ஆட்டத்தை ஜெயித்த அந்தக் கையால் போட்டேன்.

நேராகப் போயிற்று. பாதி வழியில் மேகாத்து அதை ஒரு தட்டுத் தட்டிக் கிழக்கே கொண்டுபோய்ப் போட்டது. ரிங்கில்கூடப் படவில்லை.

"அக்கா, டேபிளுக்குப் போடுங்க!" என்று ஒரு வாண்டு கத்தியது. எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றபோதுகூட அப்படி வலிக்கவில்லை. மறுபடி மறுபடி முயன்றேன். தள்ளிப் போட நினைத்தால் அளவு தெரியவில்லை. யோசித்துப் போட்டால் எந்தப் பந்தும் விழாது. செருப்பை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று சொன்ன மனிதருக்கு, எடுத்துவிட்டீர்கள் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை சொன்னேன்.

அதனால்தான் கூரைக்காகக் கத்தினேன். இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருத்தி நாளைக்கு ஒரு ஹாலுக்குள் போய் நின்றால், பழகியதை எல்லாம் கழற்றி வைக்கிற பாடு அவளுக்கு வேண்டாம்.

இவ்வளவோடு முடித்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட மனசில்லை.

தகரம் ஏறுவதற்கு முன்னால் திறந்த வெளியில் கடைசியாக ஒரு ஆட்டம் என்று, இப்போதைய பிள்ளைகளும் பழைய ஆட்டக்காரிகளும் மோதினார்கள். எங்கள் பக்கம் மாற்று ஆள் கிடையாது. முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு நான் முழு ஆட்டமும் ஓட வேண்டியதாயிற்று. நடுவில் அம்மா வந்தாள். ஆட்டம் பார்க்க இல்லை, வீட்டுச் சாவியைக் கொடுக்க. என் ஆட்டத்தை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. பள்ளிக்கூட நாளில் காட்டில் வேலை, பிறகு விமானம் ஏற மாட்டேன் என்று பிடிவாதம். ஸ்கோர் எழுதுகிற பிள்ளை, தாள் பறக்கிறது என்று அவளை விடவில்லை. "அம்மாச்சி, இதக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க" என்று டேபிளில் உட்கார வைத்துவிட்டது. அம்மா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தாளைப் பிடித்திருந்தாள்.

கடைசியில் எனக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கால் என்னுடையதாக இல்லை. காது இரைந்தது, உள்ளேயா வெளியேயா என்று தெரியவில்லை. தலைக்கு மேலே இரும்புச் சட்டங்களுக்கு நடுவே மேகம் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் யோசிக்கிற தெம்பு இல்லாமல் பந்தைத் தூக்கிப் போட்டேன்.

டேபிள் பக்கம் போயிற்று. போச்சு என்று நினைத்தேன். உச்சியில் நின்றது. மெல்ல வளைந்தது. உள்ளே இறங்கியது.

பிள்ளைகள் கத்தியதும் யார் வந்து கட்டிப் பிடித்தார்கள் என்பதும் எனக்கு நினைவில்லை. நொண்டிக்கொண்டே டேபிளுக்குப் போனேன். அம்மா தாளை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையப் பாத்துத்தான எறிஞ்ச? அது எப்பிடி அங்க போயி விழுந்துச்சு?"

"காத்தும்மா."

"எந்தக் காத்து?"

"நம்ம காத்துதாம்மா."